ஒரு மாதம் ஆறப்போடுதல்

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆண்டவன் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உன் அறையின் படம் வந்தது. மேசை யாரோ புழங்கியது, மேல்சட்டை யாரோ போட்டது, செல்போன் கண்ணாடியில் விரிசல். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவள் ஏன் இப்படி? வேலை போய்விட்டதா? மறைக்காமல் எழுது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது இருக்கிறது, அனுப்புகிறேன்.

அம்மா

பிப்ரவரி 15

அன்புள்ள அம்மா,

வேலை பத்திரமாக இருக்கிறது. போன மாதம் சம்பளம்கூட ஏறியது. இங்கே என் கூட்டாளிகள் எல்லாருமே இப்படித்தான். ஒன்றின் மேல் ஆசை வந்தால் ஒரு மாதம் ஆறப்போடுவோம். முக்கால்வாசி ஆசை தானே காணாமல் போய்விடும். மிஞ்சியதைத்தான் வாங்குவோம், பழசாகக் கிடைத்தால் பழசு. புதுசோடு வந்து நின்றால், "என்னடி, லாட்டரி விழுந்துச்சா?" என்று ஓட்டுவார்கள். இந்த மேசையை விற்றவரே மூன்று மாடி தூக்கி வந்து வைத்தார். கால் ஆடுகிறதென்று மறுபடி வந்து சரிசெய்தார். பணம் அனுப்பாதே.

பாப்பா

மார்ச் 1

பாப்பாவுக்கு,

கையில் காசு இல்லாமல் வாங்காதிருப்பது எனக்குப் பழக்கம். வைத்துக்கொண்டே வாங்காமல் இருப்பது எப்படியிருக்கும் என்று பார்க்க, கடையில் ஒரு வாணலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அப்பா, "உடம்பு முடியலையா?" என்கிறார்.

ஒன்று புரியவில்லை. நான் வாங்கிய சாமானை விற்றவன் எவனும் அது சௌக்கியமா என்று விசாரிக்க வந்ததில்லை. அந்த மேசைக்காரர் இன்னும் வருகிறாரா?

அம்மா

மார்ச் 12

அம்மா,

வந்துகொண்டிருந்தார். மேசைக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போன வாரம், கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒரு மாதம் ஆறப்போடலாம் என்றேன். "என்னையும் மேசைக் கணக்குல சேத்துட்டீங்களா?" என்று சிரித்தார். அதுவரை பார்ப்பதில்லை, பேசுவதில்லை என்று ஏற்பாடு. ஆசை இருக்கிறதா, போய்விட்டதா என்று தினமும் எழுந்ததும் தேடிப் பார்க்கிறேன். உனக்குக் கோபமா?

பாப்பா

மார்ச் 24

என் கண்ணுக்கு,

மனுஷரைப் போய் ஆறப்போடுவதா என்று முதலில் சுருக்கென்றது. அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டு, "அன்னிக்கு உனக்கு ஒரு மாசம் குடுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றார். வந்தவர்கள் குடித்த டம்ளரை நான் கழுவி வைப்பதற்குள் என் கல்யாணத்தை முடிவு செய்துவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறார்.

"ஒரு மாசம் குடுங்க, சொல்றேன்" என்றேன்.

அன்றிலிருந்து காலைக் காபி அவர்தான் போடுகிறார். சர்க்கரை தூக்கல். மிச்சம் வைக்காமல் குடித்துவிடுகிறேன்.

உன் விஷயத்தில் இன்னது நடக்கட்டும் என்று சாமியிடம் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு மட்டும் வருகிறேன். உனக்கு எது தோன்றுகிறதோ, எனக்குச் சம்மதம்.

அம்மா

ஏப்ரல் 26

அன்புள்ள அம்மா,

ஆசை போகவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் இருவரும் வருகிறோம்.

உன் மாதமும் முடிந்திருக்குமே. அப்பாவிடம் என்ன சொன்னாய்?

பாப்பா