முதல் மிக்ஸரைத் திறந்தபோது

அன்புள்ள தம்பி நெட்டைக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

கச்சேரி மேடைக்கென்று நாம் செய்த முதல் டிஜிட்டல் மிக்ஸர், போன வாரம் நம் தொழிற்சாலைக்கே சர்வீசுக்கு வந்தது. பார்த்ததும் அந்த மாடி வாடகை அறைதான் கண்முன் வந்தது. சாப்பாட்டு மேசையில் நீ மென்பொருள் எழுதுவாய். எதிரே நான் சாலிடர் வைப்பேன். ஒரு நாள் நீ ஒரு பட்டனைத் தட்டியதும், ஒலியை ஏற்றி இறக்கும் முப்பத்திரண்டு ஃபேடர்களும் தாமாகவே நகர்ந்து, முந்தின நாள் நீ வைத்த இடத்தில் போய் நின்றன. அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டு, யாருடா அதத் தள்ளுறது என்று அலறினாள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது தொழிற்சாலையில் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அந்தச் சந்தோஷம் மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

பிறகுதான் அந்தக் கச்சேரி. பாதிப் பாட்டில் ஒலி மொத்தமும் நின்றது. உன் மென்பொருள்தான் என் மானத்தை வாங்கியது என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். மூன்று வாரம் தேடியும் உனக்குப் பிழை அகப்படவில்லை. அதையும் சொல்லிக் காட்டினேன். நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

அந்த மிக்ஸரை வாங்கிய அரங்கத்தில் இந்தப் பதினோரு வருடமும் அவ்வப்போது நின்றுபோகுமாம். பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடுமாம். முந்தாநாள் நானே திறந்தேன். உள்ளே பட்டையான ஒரு ரிப்பன் கேபிள் முழுதாகச் செருகப்படவில்லை. மேசையில் ஒழுங்காக ஓடும், மேடை அதிர்ந்தால் விட்டுப்போகும். மென்பொருளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்தக் கேபிளைச் செருகியவள் நான். சோதனைச் சீட்டில் சரி என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்றுக் காலை அத்தனை பேரையும் கூப்பிட்டு அதைக் காட்டினேன். தப்பு என்னுடையது, தம்பியை அநியாயமாகப் பேசிவிட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கும் கூட இருந்த வயரிங்காரர், இத அவர்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா என்று மட்டும் கேட்டார்.

போனில் சொல்லியிருக்கலாம். பரவாயில்லக்கா, விடு என்று நீ வைத்துவிடுவாய். எனக்கு அது வேண்டாம். மனதில் இருப்பதையெல்லாம் நேரில் வந்து திட்டு. பதினோரு வருடத் திட்டு ஒரு நாளில் தீராது. ஒரு மாதமாவது லீவு போட்டுக்கொண்டு வா.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
அக்கா