இருபத்துமூன்று மணி நேரம்

ஏப்ரல் 9, 2025

என் புளி மண்டியில் பிரியங்காவின் கைமேல் கொதிக்கிற டீ கொட்டி இன்றோடு எட்டு வாரம். புளியங்கொட்டை எடுக்கச் சித்தேரி மலையிலிருந்து வரும் கருப்பியின் மகள், ஐந்து வயது. பெண்கள் டீக்கடைக்குப் போய்வர அரை மணி நேரம் வீணாகிறது என்று மண்டிக்குள்ளேயே அடுப்பை வைக்கச் சொன்னது நான்.

புண் ஆறிவிட்டது. ஆறிய இடம் சிவந்து தடிக்கிறது. அதை அமுக்கிப் பிடிக்க, அளவெடுத்துத் தைத்த இறுக்கமான கை உறையை இன்று சேலம் போய் வாங்கினோம். அடுத்த அறையில் நர்ஸ் அதைப் போட்டுவிட, கருப்பி மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டது நான் மட்டும். ஒரு நாளைக்கு இருபத்துமூன்று மணி நேரம். குளிக்கவும் எண்ணெய் போட்டு நீவவும்தான் கழற்றலாம். ஒரு வருஷமாவது ஆகும்.

திரும்பும்போது காரில் கருப்பி கேட்டாள்: "எவ்ளோ நேரம்க்கா போட்டிருக்கணும்?"

"பகல்ல போட்டா போதும். ராத்திரி கழட்டிடு, புள்ள தூங்கட்டும்."

இருபத்துமூன்று என்றால்தான் பாதியாவது போடுவார்கள் என்று டாக்டர் ஏற்றிச் சொல்லியிருப்பார். வியாபாரத்தில் முடிகிற விலையை யார் முதலில் சொல்கிறார்கள்? நான் சொன்னதே இல்லை.

ஏப்ரல் 22

வெயில். உறைக்குள் அரிப்பென்று குழந்தை அழுகிறாள். கருப்பி வேலையை விட்டுவிட்டு ஊதிக்கொண்டே இருக்கிறாள்.

"மத்தியானத்துல கொஞ்சம் கழட்டி வெக்கட்டுமாக்கா?"

"வெய்யி."

குழந்தை அழுததற்காகச் சொன்னேனா, வேலை நின்றதற்காகவா? வேலைக்காகத்தான்.

மே 7

இன்று டாக்டரிடம் காட்டவேண்டிய நாள். புளி ஏற்ற லாரி வந்துவிட்டது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 11

இன்று சேலம் போனோம்.

உறையைக் கழற்றினார்கள். தழும்பு விரல் தடிமனுக்கு எழும்பி, கயிறு முறுக்கிப் போட்டதுபோல முழங்கையைத் தாண்டி ஓடுகிறது. கையை நீட்டச் சொன்னால் பாதியில் நிற்கிறது. குழந்தை சிரித்துக்கொண்டே மறு கையை நீட்டினாள்.

"எத்தனை மணி நேரம் போட்டீங்க?" கருப்பியிடம்தான் கேட்டார் டாக்டர்.

"சொன்னமாதிரிதாங்க போட்டேன்."

"சொன்னமாதிரி போட்டிருந்தா இவ்ளோ தடிச்சிருக்காதும்மா. வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

கருப்பி தலை குனிந்துகொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

இன்னும் நேரம் இருக்கிறதாம். புது உறை, அதற்கடியில் சிலிகான் ஒட்டு, தினமும் கையை நீட்டி மடக்கும் பயிற்சி. இதற்கும் அடங்காவிட்டால் முழங்கைக்கு ஆபரேஷன்.

வரும் வழியில் கருப்பி தானாகவே சொன்னாள்: "நாந்தாங்க்கா கெடுத்துட்டேன். ரெண்டு நாளு மத்தியானம் கழட்டுனத திருப்பிப் போட மறந்துட்டேன்."

ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

ஜூன் 12

சொல்லிவிடலாமா? சொன்னால் ஊரே பேசும், வரும் தையில் சித்தேரிப் புளி வேறு மண்டிக்குப் போய்விடும் — எனக்கு முதலில் தோன்றியது இதுதான். குழந்தையின் கை அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. என்ன பிறவி நான்?

ஜூன் 14

கடத்தூர்ச் சந்தையில் கிருஷ்ணப்பன், அவரும் புளி வியாபாரிதான், நாலு பேர் முன்னால்: "வேலைக்காரி புள்ளய கார்ல வெச்சு சேலம் கூட்டிட்டுப் போறீங்களாமே தீர்த்தக்கா. எலக்சன்ல எதுனா நிக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 17

காலை பஸ்ஸில் மலையேறினேன். காரில் போக மனம் வரவில்லை. வீட்டு வாசலில் கருப்பியும் அவள் புருஷன் நாகனும் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது இருபத்துமூன்று. குறைத்தது நான்.

நாகன்தான் முதலில் பேசினான். "அக்கா மாதிரி ஆளு கெடைக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேங்க."

கருப்பி முறத்தைக் கீழே வைத்தாள். "டாக்டரம்மா என்னயத் திட்டுறப்ப பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

கருப்பி எழுந்து உள்ளே போய்விட்டாள். பிரியங்காவுக்குப் புது உறையை மாட்டும் சத்தமும் அவள் சிணுங்கலும் கேட்டன. வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். நாகன் தண்ணீர் கொடுத்தான். கருப்பி வெளியே வந்து, இனி எப்படி என்பதை அவளே சொன்னாள். நான் ஒத்துக்கொண்டேன்.

இருபத்துமூன்று மணி நேரம், டாக்டர் போதும் என்னும் வரை. மாதம் ஒருமுறை சேலம், வண்டி என்னுடையது, லாரி வந்தாலும் வராவிட்டாலும். அடுத்த தடவை டாக்டர் முன்னால் குறைத்துச் சொன்னது நான்தான் என்று என் வாயால் சொல்லவேண்டும். சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிடவேண்டும். டாக்டர் சொல்லும் மீதியைக் கருப்பியே நேரில் கேட்டுக்கொள்வாள்.