பிரேக் விளக்கை மறைத்த முனியாண்டி

அன்பு மகன் யுகேனுக்கு,

உன் அம்மாவை நடுரோட்டில் தள்ளியது நீதான். மற்றபடி நான், அப்பா, தங்கச்சி பிரமிளா எல்லோரும் சுகம், சிங்கப்பூரில் நீயும் கை கால் முழுதாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு முகவாயில் தையல், இடது முட்டியில் தோல் இல்லை, சோறு மெல்லும்போதெல்லாம் உன் ஞாபகம்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கேட்காமலே கட்டைவிரல் காட்டுகிறாய், கூப்பிட்டால் ஷிஃப்ட் என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பிரமிளா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், காகிதமும் தபாலில் வரும், இரண்டில் ஒன்றையாவது கடைசி வரைக்கும் படி.

ஃபேக்டரிக்காரன் எங்களை ஏற்றிப்போக விட்ட பஸ்ஸை நிறுத்தியபோது நீதான் பெரிய மனது பண்ணி, என் மோட்டார்சைக்கிள எடுத்துக்கம்மா, ஏபிஎஸ் வண்டி, மழையிலயும் வழுக்காது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாய். நானும் நம்பினேன். போன வாரம் ஜெலாப்பாங் சிக்னல் லைட்டுக்கு முன்னால் மழையில் ஒரு லோரி சட்டென்று நின்றது, முன் பிரேக்கைப் பிடித்தேன், சக்கரம் உருளாமல் கட்டையாக நின்று அப்படியே வழுக்கியது. லோரிக்கு அடியில் போகாமல் ரோட்டில் தேய்ந்துகொண்டே ஓரத்துப் புல்லில் போய் விழுந்தது என் நல்ல நேரம், அதில் உன் திறமை ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, மோட்டார்ல வந்தா இப்படித்தான் லா நவமணி, பாத்து வரக் கூடாதா என்றான். பஸ் வேண்டாம் என்று மேலே எழுதிக்கொடுத்தவனே அவன்தான்.

வண்டியைச் சீனியின் மோட்டார் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். விழுந்ததில் மீட்டரில் நீ ஒட்டியிருந்த முனியாண்டி ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. சீனி சாவியைத் திருப்பினான், சாமியின் காலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு, அக்கா, ஏபிஎஸ் செத்துப் போச்சுன்னு இந்த லைட்டு இத்தன நாளா கத்திக்கிட்டு இருந்திருக்கு, ஒங்க மவன் சாமிய வச்சி அது வாய அடைச்சிட்டான் என்று சிரித்தான். பிறகு குனிந்து காட்டினான். பிரேக் பிடியிலிருந்து வருகிற ஹோஸ் முதலில் ஏபிஎஸ் பெட்டிக்குள் போய், அங்கிருந்துதான் சக்கரத்துக்கு இறங்க வேண்டுமாம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அந்தப் பெட்டிதான் விட்டு விட்டுப் பிடிக்குமாம். நீ பெட்டியை ஒதுக்கிவிட்டு, சிவப்பில் ஒரு ஸ்டீல் ஹோஸை மேலேயிருந்து நேராகச் சக்கரத்துக்கு இழுத்திருக்கிறாய். எஸ்டேட் காலத்திலிருந்து நம்மைக் காக்கிறவர் முனியாண்டி, அவருக்கு நீ கொடுத்த உத்தியோகம் விளக்கை மறைப்பது. நான் வேறு வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம் வைத்தேன்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏபிஎஸ் இருந்தா பிரேக்கு சவசவன்னு இருக்கும்மா, நேரா இழுத்தாதான் கல்லு மாதிரி புடிக்கும், ரேஸ்ல எல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். என்னை எந்த ரேஸுக்கு அனுப்பினாய் மகனே, நான் அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகிறவள். கார்க்காரனுக்கு நீ பிறக்கும் முன்பே கிடைத்த இந்த ஏபிஎஸ் காப்பு, நம்மைப் போன்றவர்களின் மோட்டாருக்கு இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறது. எஸ்டேட்டை விற்றவன் வீட்டைப் பிடுங்கினான், ஃபேக்டரிக்காரன் பஸ்ஸைப் பிடுங்கினான், இதை மட்டும் எவனும் பிடுங்க வரவில்லை, நீயே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். ஈப்போ ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்குப் போய்ப் பார், காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருப்பதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று.

இதோடு முடிந்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன், வெளியே நிற்கிற மோட்டார்களில் நாலைந்தில் அதே ஸ்டிக்கர், மீட்டரில் அதே இடத்தில். ஆடித் திருவிழாவில் கோயில் தலைவர் மைக்கைப் பிடித்து, நம்ம பசங்க கிட்ட பக்தி வளந்துக்கிட்டு வருது என்று பேசியபோது நானும் கை தட்டினேன். வளர்ந்தது உன் கைவேலை. எதிர் வீட்டுத் தனேஷைப் பிடித்துக் கேட்டால், ஆமா ஆன்ட்டி, யுகேன் அண்ணேதான் போறதுக்கு முன்னால எங்க எல்லாருக்கும் செஞ்சி கொடுத்தாரு என்று பல்லைக் காட்டுகிறான். நிறைமாதமாக இருக்கிற தன் பெண்டாட்டி தினேஸ்வரியை அந்த மோட்டாரில்தான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், டாக்சிக்காரன் இந்த மூலைக்கு வருவதில்லை, வேறு எதில் போவாள் அவள். பழையபடி மாற்றுடா என்றேன். நீங்க பயந்து டப்புன்னு புடிச்சிருப்பீங்க, அதான் விழுந்தீங்க, அண்ணே கை வச்சா கரெக்டாதான் லா இருக்கும், அண்ணே சொல்லட்டும் மாத்துறேன் என்கிறான். சீனியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லச் சொன்னேன், சீனி கடைக்கு வேலை தேடுகிறான் என்று அதற்கும் சிரிப்பு. தினேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நீ சொல்ல வேண்டும். வீடியோ பார்த்துச் செய்தேன், எனக்கு முழுதாகத் தெரியாது, செய்தது தப்பு, கழற்றிப் பழையபடி மாட்டு என்று உன் வாயால் அவனுக்குச் சொல். பையன்கள் நடுவில் மானம் போய்விடும் என்றுதான் போனை எடுக்காமல் இருக்கிறாய், எனக்குத் தெரியாதா. அந்த மானத்துக்கு இங்கே ஒருத்தி வயிற்றோடு பின்னால் உட்கார்ந்து போகிறாள்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. என் வண்டியைச் சீனி பழையபடி மாற்றிவிட்டான், முட்டி ஆறியதும் ஓட்டுவேன். அப்பாவுக்கு இருமல் குறையவில்லை, ராத்திரி காவல் வேலையை விடு என்றால் கேட்பதில்லை. பிரமிளா கமுந்திங்கில் ஒரு வேலைக்கு நேர்முகம் போய் வந்திருக்கிறாள். நீ வெந்நீரில் ஊறவைத்த பாக்கெட் மீ மட்டும் தின்று படுக்காதே, பாஸ்போர்ட் முடியப்போகிறது, இப்போதே மாற்று. உடம்புக்கு ஒன்றும் வராமல் நீண்ட நாள் இரு, கைக்கு வந்த வேலை தலைக்கும் வரட்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா
நவமணி

மடிக்கும்போது இதையும் எழுதுகிறேன். இன்றைக்குத் தினேஸ்வரிக்குக் கிளினிக். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. அவள் தனேஷின் மோட்டாரில் ஏறப் போனபோது ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மோட்டாரை எடுத்துக்கொண்டு போடா என்றால், அது பொம்பள பிரேக்கு ஆன்ட்டி என்கிறான். அவள் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் வாசலில் நின்று, நேரமாச்சு ஆன்ட்டி, சாவிய கொடுங்க லா என்று கத்துகிறான். பிரமிளா இதுவரைக்கும் எழுதியதை உனக்கு அனுப்பிவிட்டாள், நீ பார்த்துவிட்டாய் என்றும் காட்டுகிறது. இப்போது உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போனை எடு, யுகேன்.