அலகு இல்லாத அறுபத்தைந்து

14 ஜூன் 1998, ஞாயிறு. லிவர்மோர்.

நல்ல வெயில். காலையில் எனக்கு நான்கு இட்லி, மாப்பிள்ளைக்கு மூன்று. ருசி பற்றி எழுத ஒன்றுமில்லை.

மகள் கலா போய் இன்றோடு பதினேழு வாரம். தலை வலிக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை வாஞ்சிநாதன் இன்று கராஜைத் திறந்தார். பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறை. அவளுடைய கார் பிளாஸ்டிக் விரிப்புக்குள் அப்படியே நின்றது. 1934 ஃபோர்டு கூப்பே. என்னைவிட மூன்று வயது மூத்தது. மலைக்கு அந்தப் பக்கம் ட்ரேசியில், கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு கொட்டகையில் கண்டுபிடித்து இழுத்து வந்தாள். நான்கு வருடமாக அதற்குப் புது பிரேக், பெரிய இன்ஜின், புதுத் தரை. பழைய உடம்பு, புது இதயம். ஹாட் ராட் என்கிறார்கள் இங்கே. இன்ஜின் மேல்பாகம் இன்னும் பூட்டப்படவில்லை. அவள் நிறுத்திய இடம்.

“இத வித்துரலாமா மாமா?”

“பாதியில நிக்கிறத யார் வாங்குவா?”

“அப்ப முடிச்சிரலாம்.”

“முடிஞ்சதும் நான் ஊருக்குக் கிளம்புறேன் மாப்பிள்ளை.”

அவர் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

20 ஜூன், சனி

கராஜ் அலமாரியில் அவளுடைய நோட்டு. என்ன செய்தாள், அடுத்து என்ன, எல்லாம் வரிசையாக இருக்கிறது. அதே எழுத்து, 7-ஐக் குறுக்கே வெட்டி எழுதுவது உட்பட. ஆனால் எண்கள் வெறும் எண்கள். அலகு இல்லை. கோவில்பட்டியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன். அலகு எழுதாத விடைக்கு அரை மார்க் வெட்டுவேன். இவளுக்கும் வெட்டியிருக்கிறேன், வீட்டிலேயே.

மாப்பிள்ளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். தலை கூரையில் இடித்தது. கலா கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்தியிருக்கிறாள்.

“ஆறடி ஆளக் கட்டிக்கிட்டு யாராவது இப்படி வெட்டுவாங்களா மாமா? கேட்டா, ‘இது என் வண்டி, நீ பின்னாடி பஸ்ல வா’ன்னா.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

28 ஜூன்

வேலை இல்லை. தூங்கினேன்.

11 ஜூலை, சனி

இன்ஜின் மேல்பாகம், அதாவது ஹெட், இரண்டையும் பூட்டினோம். ஒவ்வொன்றுக்கும் பதினேழு போல்ட். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். தூக்குச்சட்டி மூடியை ஒரே ஓரமாக அழுத்தினால் மறுபக்கம் குழம்பு வழியும் அல்லவா, அதே கதை. ஒவ்வொரு போல்ட்டும் ஒரே அளவு இறுக வேண்டும். அதற்கென்றே அளவு காட்டும் ரென்ச் இருக்கிறது. அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும்.

நோட்டில் 65 என்று இருந்தது. அலகு இல்லை. நியூட்டன் மீட்டர்தான், வேறென்ன? என் மகள். ரென்ச்சில் அடி-பவுண்டு. மாற்றிப் பார்த்தேன்: நாற்பத்தெட்டு. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மாப்பிள்ளை விளக்குப் பிடித்தார்.

“நாப்பத்தெட்டா மாமா?”

“ஆமா மாப்பிள்ளை.”

மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பத்து நான்கு ‘டக்’. ஒவ்வொன்றையும் எண்ணினேன். எண்ணும்போது வேறெதுவும் நினைவில்லை. அது நன்றாக இருந்தது.

26 ஜூலை, ஞாயிறு

தங்கை ருக்மிணி கோவில்பட்டியிலிருந்து போன். “பொண்ணே போயிட்டா, மருமகன் வீட்ல இன்னும் ஒனக்கு என்னண்ணே சோலி? ஊர்ல நாலு பேரு கேக்காங்க. அவரும் சின்ன வயசு. நாளைக்கு ஒருத்தியக் கட்டுனா நீ எங்க நிப்ப?”

அவள் கேட்டதில் தப்பில்லை. செப்டம்பர் 22-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அதற்குள் கார் முடிந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொன்னேன். “சரி மாமா” என்றார். பிறகு பாத்திரம் கழுவினார். கழுவிய பாத்திரங்களை.

ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது. கலாவின் அம்மா போன பிறகுதான் அவள் எனக்கு கிரீன் கார்டு வாங்கி இங்கே கூட்டி வந்தாள். போய் என்ன செய்வேன்? இங்கேயும் என்ன செய்கிறேன்?

எடை அதிகமாகத் தொங்கவிட்ட சுருள்வில் தராசு நினைவுக்கு வருகிறது. வில் உடையாது. எடையை எடுத்த பிறகும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை.

8 ஆகஸ்ட், சனி

இன்ஜின் ஓடியது. மூன்றாவது முயற்சியில். தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் தோட்டக் குழாயைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

பத்து நிமிடம். பிறகு புகைபோக்கியில் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியிருந்தது. எங்கோ உள்ளே கசிகிறது. நிறுத்திவிட்டோம்.

மாப்பிள்ளை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நானும்தான். ஏன்?

9 ஆகஸ்ட், ஞாயிறு

அவளுடைய இன்ஜின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஹெட் போல்ட்: 65 அடி-பவுண்டு. நான் முறுக்கியது நாற்பத்தெட்டு; இறுக்கம் போதாமல்தான் கசிந்திருக்கிறது.

அடி-பவுண்டு. என் மகள் இந்த ஊர் அலகில் எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் இந்த ஊர் லேபில் வேலை பார்த்தவ வேற எதுல எழுதுவா? நான் அவளைக் கோவில்பட்டியிலேயே வெச்சிருக்கேன், பத்தாங்கிளாஸ்ல. அலகில்லாத எண்ணை அனுமானிக்காதே, கேள் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன் — யாரைக் கேட்க?

புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்றே ஏன் பார்க்கவில்லை? கார் முடியக் கூடாது என்று நினைத்தேனா? நேர்மையாக எழுதினால், தெரியவில்லை.

12 ஆகஸ்ட்

இன்னும் சொல்லவில்லை.

15 ஆகஸ்ட், சனி

சொன்னேன். கராஜில், நின்றுகொண்டே, தப்பு செய்த பையன் மாதிரி. “தப்பு என்னுது மாப்பிள்ளை. நாப்பத்தெட்டு இல்ல, அறுபத்தஞ்சு. எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும்.”

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தெரியும் மாமா.”

“எப்ப?”

“அன்னைக்கே. போன வருஷம் அவ முதல்ல ஹெட் மாட்டிப் பாத்துக் கழட்டுனப்ப நான்தானே லைட் பிடிச்சேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ‘அறுபத்தஞ்சு, அறுபத்தஞ்சு’ன்னு சொல்லிட்டே முறுக்குவா.”

“அப்ப ஏன் சொல்லல?”

குனிந்து கீழே விழாத ஒரு போல்ட்டைத் தேடினார்.

“சொன்னா வேலை சரியா முடிஞ்சிடும் மாமா. நீங்க போயிடுவீங்க.”

அவர் நிமிரவில்லை. “முதல்ல தண்ணிய வடிக்கணும்” என்றேன். வாளி எடுத்து வந்தார். ஆறு மணிவரை கழற்றினோம். சாயங்காலம் வெண்டைக்காய்க் குழம்பு வைத்தேன். உப்பு கூடுதல். கூடுதல் என்று தெரிந்தது.

30 ஆகஸ்ட், ஞாயிறு

ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட். முப்பத்து நான்கு போல்ட். இந்தத் தடவை நான் விளக்குப் பிடித்தேன், மாப்பிள்ளை முறுக்கினார். சத்தமாகச் சொல்லிக்கொண்டே.

கசிவு இல்லை.

22 செப்டம்பர், செவ்வாய்

டிக்கெட்டில் இருந்த தேதி இன்றுதான். மாப்பிள்ளை லீவு போட்டிருந்தார். பத்து மணிக்கு லைசென்ஸ் கொடுக்கும் டி.எம்.வி. ஆபீஸுக்குப் போனோம். எழுத்துத் தேர்வு, முப்பத்தாறு கேள்வி. முப்பத்து நான்கு சரி. தவறான இரண்டும் தூரம் பற்றியவை. அடிக் கணக்கில் கேட்டிருந்தார்கள். திருத்திய பெண் “வெரி குட், சார்” என்றாள். எனக்கு, அறுபத்தோரு வயதில்.

பழகுநர் பெர்மிட் கையில் இருக்கிறது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருந்தால் ஓட்டலாம். மதியம் தெருமுனைவரை கூப்பேயை எடுத்தேன். மாப்பிள்ளை கழுத்தை ஒரு பக்கம் மடக்கிக்கொண்டு பக்கத்தில். “மெதுவா மாமா, மேடு வந்தா என் தலைதான்.”

ருக்மிணிக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டும். திட்டுவாள்.

கிளம்பும் முன் இருக்கையை எனக்கு ஏற்றபடி நகர்த்தலாம் என்று கீழே கை விட்டேன். கால் ஏற்கெனவே பெடலில் சரியாகப் பதிந்திருந்தது. அவள் வைத்த இடம். நகர்த்தவில்லை.