மூன்றாம் ஓலைக்கு முன்

பள்ளிமுனை,
வியாழக்கிழமை.

மகன் றெனால்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இருக்கிறோம், சுகமென்று எழுதக் கை வரவில்லை. நீ லண்டனில் சுகமாக இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டேன். கோயிலில் இரண்டு ஞாயிறு உனக்கும் பத்திநாதன் மகள் டினோஜாவுக்கும் கலியாண ஓலை வாசித்தாயிற்று, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கோ என்று பங்குச் சுவாமி கேட்டபோது நான் முன்வரிசை வாங்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். மறுநாள் உன் தங்கை றொசானாவின் போனுக்கு யாரோ படம் அனுப்பியிருந்தார்கள், நீயும் ஒரு பெண்ணும், நடுவில் ஒரு சின்னப் பெண்பிள்ளையும். கூப்பிட்டுக் கேட்டால், கலியாணம் கந்தோரிலை பதிஞ்சதுதானப்பா, கோயிலிலை கட்டேல்லையே, ரேண் எ பிளைண்ட் ஐ என்று சொல்லி வைத்துவிட்டாய். அம்மாவும் உன் கட்சிதான், கோயிலில் கட்டாதது கலியாணமா என்கிறாள். டினோஜாவைக் கட்டு என்ற அவளுடைய பிடிவாதத்துக்கு ஓம் சொன்ன உன் வாய்க்கு, முதலே இல்லையென்று சொல்ல என்ன கேடு?

உன் இங்கிலீசு விளங்காமல் ஜெராட் மாஸ்டரிடம் போனேன், எதற்கென்று சொல்லவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிடுவதுதானாம் அது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி ஒருவருக்கு ஒரு கண் பார்வை போய்விட்டதாம். சண்டை நடுவில், நிறுத்து என்று மேலதிகாரி கொடிச்சைகை காட்ட, இவர் தூரக்கண்ணாடியைக் குருட்டுக் கண்ணில் வைத்து, எனக்கொரு கொடியும் தெரியேல்லை என்றாராம். சண்டையையும் வென்றாராம், அதிலிருந்து வந்த பேச்சென்று சொல்வார்களாம். மாஸ்டர் சிரித்தார், நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த மனிதன் தன் உயிரை வைத்து விளையாடினான். நீ பத்திநாதன் மகள் டினோஜாவின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு, நல்ல கண் இரண்டும் உள்ள என்னைக் குருடனாக இருக்கச் சொல்கிறாய்.

நேற்றுச் சுவாமியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மூன்றாம் ஓலை வாசிக்கப்படாது. அங்கிருந்து நேரே பத்திநாதன் வீட்டுக்குப் போனேன். அவன் உட்காரக் கதிரையைக் காட்டினான், நான் நின்றுகொண்டே சொன்னேன். டினோஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் போங்கோ மாமா என்று மட்டும் சொன்னாள். அப்போதும் மாமா என்றுதான் சொன்னாள்.

சுவாமி கூப்பிட்டால் போனை எடுத்து உண்மையைச் சொல். அந்தப் பிள்ளை டினோஜாவுக்கு உன் கைப்பட எழுதி மன்னிப்புக் கேள், மறந்துவிடாதே. குளிருக்குக் கவனம் என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். வழக்கமாக உனக்குச் சொல்லும் ஆசீர்வாதத்தை இம்முறை படத்திலிருக்கும் சின்னவளுக்குச் சொல்கிறேன், மாதா அவளைக் காக்கட்டும். அவளுக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுது. என் பேத்தியின் பேர் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
அப்பா எட்வேட்