உன்னிடம் கேட்காமல் விட்டது

அன்புள்ள பத்தூலுக்கு,

இறைவனின் அமைதி உன்மீது உண்டாகட்டும். ஃபெஸ் நகரில் குளிர் எப்படி? முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று இங்கே குவைத் கல்லூரியில் ஒரு காதல் படம் திரையிட்டோம். நினைவிழந்த மனைவியிடம் கணவன் மறுபடியும் திருமணத்துக்குச் சம்மதம் கேட்கிறான். அதன் உளவியல், சமூகவியல் பற்றிப் பதினோரு பக்கம் எழுதி வாசித்தேன். முடித்ததும் நூலகர் ஸுலைக்கா எழுந்தாள்.

"அட போங்க வாத்தியாரே! மொதத் தடவ இவ அப்பாதானே சம்மதம் சொன்னாரு? இவ மறந்ததாலதான் இவளையே கேக்குறான். கொடுத்து வச்சவ!"

அரங்கமே சிரித்தது. நான் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். என் பதினோரு பக்கத்தில் அது இல்லை.

நம் திருமணத்திலும் உன் தந்தைதான் சரி என்றார். நீ பேசவில்லை, மௌனத்தையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். நாற்பத்தொரு ஆண்டுகளாக நானும் அப்படியே நம்பியிருக்கிறேன்.

பத்தூல், என்னை மணக்க உனக்குச் சம்மதமா?

திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன், ஆகவே முடிக்கிறேன். உலர்ந்த புதினா கொஞ்சம் அனுப்பு. தனியாகக் குடிக்கும் தேநீர் இறங்கவில்லை. பதிலும் எழுது. இம்முறை மௌனம் வேண்டாம்.

உன் தய்யிப்