பின்பாதி

இயேசு மரி சூசை துணை

உடையார்பாளையம் வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.
7.3.2004, ஞாயிறு

அன்புள்ள தங்கை பிலோமினாவுக்கு அக்கா சலேத்மேரி ஆசியோடு எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் சுகம். அங்கே நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல் கேட்க வழியில்லாமல், சுகமில்லை என்று நீயே நான்கு பக்கத்துக்கு எழுதிவிட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவேன் என்று நினைக்காதே. ஊர்ச் சமாச்சாரம் சொல்லாமல் எனக்குக் கடிதம் எழுத வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

போனிலேயே பேசிவிடலாம் என்று உடையார்பாளையம் வரை போனேன். பூத்துக்குள் நுழைந்த பிறகுதான் யோசனை வந்தது. ராஞ்சியில் உங்கள் கான்வென்ட் போன் மதர் அறையில் இருக்கிறது. நான் எதைக் கேட்டாலும் நீ சரிக்கா, சரிக்கா என்றுதான் சொல்வாய். பூத்துக்காரர் எதிரில் என்னாலும் அழ முடியாது. வெள்ளைத்தாளும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இந்த வருஷம் முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது. மழைதான் ஏமாற்றியது, பனி ஏமாற்றவில்லை. காலையில் தோப்புக்குள் போனால் வாசனை தலையைச் சுற்ற வைக்கிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த மகராசி என்று மாமா அதற்கு உன் பெயரை வைக்கப் பார்த்தார். கன்னியாஸ்திரி பெயரை மாட்டுக்கு வைத்தால் பங்குச்சாமி கோபித்துக்கொள்வார் என்று நான்தான் தடுத்தேன். ஆனாலும் நான் இல்லாத நேரத்தில் அதை பிலோமி என்றுதான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மைக் செட் படுத்துவிட்டது. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற ஸ்தலம் வரை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தது. அவரோடு மைக்கும் விழுந்துவிட்டது என்று பிள்ளைகள் சிரிக்க, பங்குச்சாமி முறைக்க, பிறகு அவரே திரும்பி நின்று சிரித்துவிட்டார். மிச்ச ஸ்தலங்களைத் தொண்டை கிழியப் பாடி முடித்தோம். அப்படிப் பாடியதில்தான் சிலுவைப்பாதை செய்த மாதிரி இருந்தது.

சரி, இனி உன் கடிதம். அதைத் தோப்பில் உட்கார்ந்து படித்தேன். உனக்கு மார்பில் ஆபரேஷன் ஆனதும், மருந்து ஏற்றுவதும், முடி கொட்டியதும் எனக்கு ஏற்கெனவே தெரியும். முக்காட்டுக்குள் முடி இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கோவிலில் முழங்கால் போட்டால் உதடு மட்டும்தான் அசைகிறது, உள்ளே ஒன்றுமே இல்லை என்கிறாய். புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுக்கிற நானே இப்படி ஆன பிறகு, இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறேனே என்கிறாய். ஈஸ்டர் முடிந்ததும் மதரிடம் சொல்லி, உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்கிறாய். இது பங்குச்சாமி காதுக்குப் போக வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். போகவில்லை. கடைசியில் ஓரமாக ஒரு வரி. விக்கி போனபோது நீ எப்படிக்கா தாங்கினாய் என்று.

நான் தாங்கவில்லை பிலோமி. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அடக்கத்துக்கு வந்த நீ சீக்கிரமே திரும்பிப் போக வேண்டியிருந்தது. நான் வாய் பேசாமல் கிடந்ததைப் பார்த்து நீயும் அதைத் துக்கம் என்றுதான் நினைத்தாய். அது கோபம். மூளைக்காய்ச்சல் என்று அரியலூரிலிருந்து விக்கியைத் திருச்சிக்குக் கொண்டுபோகும்போது, வண்டியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏலாக்குறிச்சி மாதாவிடம் கெஞ்சினேன். என் பிள்ளையைத் திருப்பிக் கொடு, மொட்டை போட்டுக்கொண்டு நடந்தே வருகிறேன் என்று. கல்யாண வயதுகூட ஆகாத பிள்ளை, ஐடிஐ-யில் கடைசிப் பரீட்சை எழுத வேண்டியவன். உயிரில்லாத உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தமக்குப் பிடித்தவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், எனக்கும் அவனைப் பிடித்துத்தானே இருந்தது என்று கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் ஆறுதல் சொல்ல வரவில்லை. நானும் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். பூசைக்குப் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன். சின்னப் பிள்ளைகள் டூ விடுவதுபோல் ஆண்டவரோடு டூ விட்டிருந்தேன்.

நம் வீட்டு ஜெபமாலை உனக்கு நினைவிருக்கும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியை மாமா சொல்வார். பின்பாதியை நானும் விக்கியும் சேர்ந்து சொல்வோம். மாமா கட்டைவண்டி, நாங்கள் இரண்டு பேரும் எக்ஸ்பிரஸ். அவர் முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடும் என்று நாங்கள் முடுக்குவோம், அவர் அசைந்து கொடுக்க மாட்டார்.

விக்கி போன பிறகும் அவர் ஏழு மணிக்குப் பாயை விரித்தார். என்னைக் கூப்பிடவில்லை. முன்பாதியைச் சொன்னார், நிறுத்தினார். பின்பாதி சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். பிறகு அடுத்த மணியைத் தள்ளி, மறுபடியும் முன்பாதி. கடைசி மணி வரை இப்படித்தான். தனியாக ஜெபமாலை சொல்கிறவர்கள் இரண்டு பாதியையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள் இல்லையா, இவர் சொல்லவில்லை. நான் அடுப்படியில் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுவேன். எவ்வளவு உருட்டினாலும் அவர் சும்மா இருக்கிற நேரம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் போனது. கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் போய்த் தவக்காலமும் வந்தது. அவர் விடவில்லை. ஒரு நாள் எனக்கு நல்ல பசி. பகலெல்லாம் முந்திரிக்கொட்டை பொறுக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. அபூர்வமாக வாளைமீன் கிடைத்துக் குழம்பு வைத்திருந்தேன், அது ஆறிக்கொண்டிருந்தது. இவரோ ஒவ்வொரு பின்பாதிக்கும் சாவகாசமாக நேரம் விட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த எரிச்சலில் அடுப்படியிலிருந்தே கத்தினேன், நான் எந்தக் காலத்தில் இப்படி இழுத்து இழுத்துச் சொன்னேன் என்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ எப்படிச் சொல்லுவன்னு மறந்துபோச்சு புள்ள. ஒரு தடவ சொல்லிக் காட்டு" என்றார்.

நானும் வீம்புக்கு, இவ்வளவுதான் ஆகும் என்று காட்டுவதற்காக, ஒரே மூச்சில் பின்பாதியை ஒப்பித்தேன். அவர் ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த முன்பாதியை ஆரம்பித்துவிட்டார். நான் அதற்கும் சொன்னேன். அதற்கடுத்த மணிக்கும் சொன்னேன். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கையில் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். மகன் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அவர் எழுந்து வரவில்லை. நான் அழுத மணிகளுக்கும் என் நேரத்தை எனக்கு விட்டபடியே சொல்லிக்கொண்டு போனார். அன்று குழம்பு ஆறித்தான் போனது.

பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். நான் வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், இரண்டு பாதியையும் நீங்களே சொல்லி முடித்திருக்கலாமே என்று.

"அது உன் பாதி. நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார். அவருக்கு அவ்வளவுதான் பேசத் தெரியும்.

விக்கி ஏன் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை, மேலே போனதும் முதல் வேலையாக அதைத்தான் கேட்கப் போகிறேன். ஆனால் நான் டூ விட்டிருந்த காலமெல்லாம் ஆண்டவரும் மாமாவைப் போலத்தான் இருந்திருக்கிறார் என்று நம்புகிறேன். என்னை அதட்டவில்லை. என் இடத்தில் வேறு ஆளை வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த நாட்களை நினைத்து எனக்கு வெட்கமும் இல்லை. இப்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன் பிலோமி. விக்கி இல்லாமலும் ஒரு நாள் சந்தோஷம் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கரண்டியாலேயே அடித்திருப்பேன்.

ஊருக்கு வரட்டுமா என்று கேட்டாயே. உடம்பு முடியவில்லை என்றால் வா. இந்த வாழ்க்கை வேண்டாம் என்று மனசார முடிவெடுத்தாலும் வா. யாராவது ஒரு வார்த்தை பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஜெபம் வரவில்லை என்பதற்காக மட்டும் வராதே. அது ஏமாற்று வேலை என்றால், முதலில் என்னைத்தான் கோவிலை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, பங்குச்சாமிக்குத்தானே சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தாய். அன்று ஜெபமாலையில் கடைசிப் பத்து மணி வந்தபோது, பின்பாதிக்கு வாயைத் திறந்த என்னை மாமா கையைக் காட்டி நிறுத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் கடைசிப் பத்து மணியும் உன்னுடையது. அவர் முன்பாதியைச் சொல்வார். நீ சொல்லி முடிக்கிற நேரம்வரை இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். நீ என்னைவிட வேகம், அதனால் சோறு குழையாது.

போன வாரம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து அப்துல் சலாம் பாய் தோப்புக் காய்ப்பைப் பற்றிப் பேச வந்திருந்தார். ஜெபமாலை முடியட்டும் என்று வாசலில் காத்திருந்தவர், கடைசியில் அடிக்கடி சத்தமே வரவில்லையே, வார்த்தை மறந்துவிட்டதா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவருடைய அக்காவுக்கும் இதே ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் ஆகிறதாம், இப்போது பேத்திக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். உனக்காக துஆ செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே இப்போதைக்கு நீ ஜெபிக்க வேண்டாம். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள், கஞ்சியாவது குடி, ஏழு மணி ஆனால் எங்களை நினைத்துக்கொள். உதடு அசையாவிட்டாலும் பரவாயில்லை. இதுகள் ஏன் எனக்காகச் சோற்றை ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதுகள் என்று எரிச்சல் வந்தாலும் நல்லதுதான், நானும் அந்த வழியாகத்தான் திரும்பி வந்தேன். மாமாவிடம் உனக்கு ஒரு வரியாவது எழுதச் சொன்னேன். அவசரமில்லை என்று எழுது, போதும் என்றார்.

இந்தத் தாளை மடிப்பதற்கு முன் அதன்மேல் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். நீ படித்து முடித்ததும் ஒரு தடவை நெற்றியில் வைத்துக்கொள். என் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை, அதற்குத்தான்.

உன் பின்பாதியைத் தொடாமல் வைத்திருக்கும்
அக்கா,
சலேத்மேரி